வலி வர்றதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க: பெங்களூருல பிரசவ வலியை சமாளிக்கிறது எப்படி

எனக்கு ரெண்டு பசங்க. மூத்தவன் சேலத்துல பொறந்தான், தலைப்பிரசவம் அம்மா வீட்டுலன்னு எல்லாரும் பண்றாப்புலதான் நானும் வளைகாப்பு முடிச்ச கையோட ஊருக்கு பஸ் ஏறிட்டேன். சின்னவ இங்க பெங்களூருல, ஈஜிபுரா வீட்டுல இருந்தப்போ. மூத்தவனுக்கு வலி குறைய ஒண்ணுமே எடுத்துக்கல, வேணாம்னு சொன்னேன்னு இல்ல, கேக்கலாம்ங்கறதே தெரியாது, ராத்திரி பூரா கட்டில் கம்பியை பிடிச்சுக்கிட்டு கிடந்தேன், பெரியம்மா வேற "பொம்பளையா பொறந்தா தாங்கித்தாண்டி ஆகணும்"னு ஆறுதல் சொன்னாங்க. சின்னவளுக்கு எபிடியூரல், அதாவது முதுகு வழியா மருந்து விட்டு பிரசவ வலியைக் குறைக்கிறது, போட்டுக்கிட்டேன். ரெண்டையும் பார்த்தவங்கற முறையில சொல்றேன், வலிக்கு என்ன பண்றதுன்னு லேபர் வார்டுல படுத்துக்கிட்டு முடிவு பண்ண முடியாது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இடுப்பை பிளந்து எடுக்கும்போது ஒருத்தர் வந்து ஃபார்மை நீட்டி கையெழுத்து போடும்மான்னா என்னத்த படிக்கிறது, என்னத்த யோசிக்கிறது. அதனாலதான் இதை மாசக்கணக்கு வாரியா எழுதறேன். உங்க உடம்புக்கு எது ஒத்துக்கும்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், ஆனா அவங்க கிட்ட என்ன கேக்கணும்ங்கறது நமக்கு தெரிஞ்சிருக்கணும்ல.

முதல்ல, எட்டாம் மாசத்துலயே: எங்க பெத்துக்கப் போறோம்

ஊருக்குப் போறதா இங்கயே இருக்கறதான்னு வீட்டுல பேசும்போது பாத்துக்க ஆள் இருக்கா, வெந்நீர் வச்சுக்குடுக்க யாரு, செலவு எவ்வளவு, இதெல்லாம்தான் பேசுவாங்க. வலியைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. ஆனா அதுக்கும் இடத்துக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு. எபிடியூரல் போட மயக்க டாக்டர் வேணும், போட்டதுக்கு அப்புறமும் பாத்துக்கிட்டே இருக்கணும். சின்ன ஊர் நர்சிங் ஹோம்ல மயக்க டாக்டர் ஆபரேஷன்னா மட்டும் போன் போட்டு வரவழைக்கிற ஆளா இருப்பாரு, ராத்திரி ரெண்டு மணிக்கு சுகப்பிரசவத்துக்காக வந்து உக்காருவாரான்னா கஷ்டம். அம்மா கையால ரசம் சாதம் வேணுமா முதுகுல ஊசி வேணுமான்னு வந்தா நான் ரெண்டாவது தடவை ஊசியைத்தான் எடுத்தேன், ரசம் சாதத்துக்கு அம்மாவையே பெங்களூருக்கு வரவழைச்சுட்டேன்.

ஆஸ்பத்திரியை முடிவு பண்றதுக்கு முன்னாடி போய் நேர்ல கேளுங்க. மயக்க டாக்டர் 24 மணி நேரமும் உள்ளயே இருக்காரா, இல்ல கூப்பிட்டா வர்றவரா? எபிடியூரல் பேக்கேஜ்ல சேர்த்தியா தனி பில்லா? மாஸ்க்ல மோந்து வலியைக் குறைச்சுக்கிற என்டோனாக்ஸ் கேஸ் இருக்கா? லேபர் ரூமுக்குள்ள கூட ஒருத்தரை விடுவாங்களா, புருஷனை விடுவாங்களா? வலி வந்தப்புறம் நடக்க விடுவாங்களா, இல்ல அட்மிஷன் போட்டதும் படுக்கப் போட்டு ட்ரிப் ஏத்திடுவாங்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வருதோ அதுலயே அந்த இடம் எப்படின்னு தெரிஞ்சுடும். நான் முதல்ல பார்த்த ஒரு தனியார் ஆஸ்பத்திரில ரிசப்ஷன் பொண்ணு "எல்லாம் இருக்கு மேம்"னு சொல்லிச்சு, மாடில போய் சிஸ்டரை கேட்டா ஞாயித்துக்கிழமை மயக்க டாக்டர் கிடையாதாம். குழந்தை ஞாயித்துக்கிழமை பார்த்தா வரும்?

அரசு ஆஸ்பத்திரின்னா இங்க வாணி விலாஸ் இருக்கு, சிவாஜிநகர் பக்கம் கோஷா ஆஸ்பத்திரி இருக்கு, அல்சூர் மர்பி டவுன் பக்கத்து நம்ம ஜனங்க தலைமுறையா அங்கதான் போயிருக்காங்க. கூட்டம் ஜாஸ்தி, அதனால வலிக்கு என்ன குடுக்க முடியும்னு ஓபில வரும்போதே கேட்டுடுங்க. துணைக்கு ஆள் விஷயத்துல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அரசு ஆஸ்பத்திரில பிரசவத்தப்போ கூட ஒரு துணை இருக்கலாம்னு மத்திய சுகாதாரத்துறையே 2016ல சொல்லியாச்சு. பொதுவா பொம்பளை துணையைத்தான் விடுவாங்க, அதனால அம்மாவோ அக்காவோ அண்ணியோ யாரு வரப்போறாங்கன்னு முன்னாடியே பேசி வைங்க. பயந்து அழற ஆளை மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க, அப்புறம் நீங்க அவங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டு இருப்பீங்க.

அடுத்தது வார்த்தை

சிரிக்காதீங்க, இது முக்கியம். நம்ம ஊர்ல "வலி ஊசி"ன்னா வலி வர வைக்கிற ஊசி, அதாவது ஆக்சிடோசின். வலி தாங்க முடியாம "வலி ஊசி போடுங்க"ன்னு கத்தினா கேக்கறவங்க தலைகீழா புரிஞ்சுக்கலாம். "வலி குறைய ஊசி"ன்னு சொல்லுங்க, எபிடியூரல்னா எபிடியூரல்னே சொல்லுங்க. அந்த ஆக்சிடோசின் ட்ரிப் ஏத்தினா வலி கிடுகிடுன்னு கூடும், அதனால ட்ரிப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வலிக்கு என்ன ஏற்பாடுன்னு கேட்டுடறது நல்லது.

கன்னடம் தெரியலன்னா பயப்பட வேணாம், நோவுன்னா அங்கயும் நோவுதான், தள்ளுன்னா தள்ளுதான். உசிருதான் வேற. சிஸ்டர் "உசிரு தகொள்ளி"ன்னு சொல்லும்போது நான் உசிரை எடுக்க வந்துட்டாங்கன்னு ஒரு செகண்ட் ஆடிப்போயிட்டேன், மூச்சை இழுங்கன்னு அர்த்தமாம்.

36 வாரத்துக்குள்ள மயக்க டாக்டரை ஒரு தடவை பாருங்க

நிறைய பேர் இதை விட்டுடறாங்க. ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் கம்மியா இருந்தாலோ, ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் மாதிரி ஊசி போட்டுக்கிட்டு இருந்தாலோ, முதுகெலும்புல ஆபரேஷன் பண்ணியிருந்தாலோ, ஊசி போடற இடத்துல சீழ் புண் இருந்தாலோ எபிடியூரல் போட முடியாம போகலாம், இல்ல நேரம் பார்த்து போடணும். ஹெப்பாரின் வகை ஊசின்னா கடைசி டோஸ் போட்டு எவ்வளவு நேரம் ஆச்சுங்கறது ரொம்ப முக்கியம், டோசைப் பொறுத்து 12 மணி நேரம், 24 மணி நேரம்னு கணக்கு வச்சிருப்பாங்க. பிளேட்லெட் ரிப்போர்ட்டை பைல்ல மேலாப்புல வைங்க. பி12 கம்மின்னு மாத்திரை சாப்பிடறவங்க அதையும் சொல்லுங்க, ஏன்னு கேஸ் பத்தி வரும்போது சொல்றேன்.

வீட்டுல பேச்சு வரும், வரட்டும். என் அத்தை "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலிடிம்மா"ன்னாங்க. நான் மயக்க டாக்டர் கிட்டயே கேட்டேன். ஊசி குத்தின இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். எபிடியூரல் போட்டவங்களையும் போடாதவங்களையும் வச்சு ஆராய்ச்சி பண்ணிப் பார்த்ததுல ரொம்ப நாள் நீடிக்கிற இடுப்பு வலி ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. பத்து மாசம் சுமந்த உடம்பு, குனிஞ்சு குனிஞ்சு பால் குடுக்கற முதுகு, வலிக்காம என்ன பண்ணும். ஊசி போட்டா சிசேரியன் ஆயிடும்ங்கறதும் அப்படித்தான், சிசேரியன் வாய்ப்பை அது கூட்டறதில்ல. முக்கற கட்டம் கொஞ்சம் நீளலாம், அது உண்மை. இன்னும் "அந்தக் காலத்துல எல்லாரும் சும்மாவா பெத்தாங்க"ன்னு யாராவது ஆரம்பிச்சா, இங்கிலாந்து விக்டோரியா ராணி 1853லயே எட்டாவது குழந்தைக்கு குளோரோஃபார்ம் மோந்துதான் பெத்தாங்கன்னு சொல்லுங்க, குடுத்தவரு ஜான் ஸ்னோ, லண்டன்ல காலரா தண்ணி வழியா பரவுதுன்னு கண்டுபிடிச்ச அதே டாக்டர்தான். ராணியே தாங்கலன்னா நாம எம்மாத்திரம்.

வலி ஆரம்பிச்சாச்சு, வீட்டுல

பொய் வலியா நிஜ வலியான்னு பார்க்க நம்ம வீடுகள்ல சீரகம் கொதிக்க வச்சு குடுப்பாங்க, சூட்டு வலின்னா அடங்கிடும் பிரசவ வலின்னா கூடும்னு. குடிங்க, தப்பில்ல, ஆனா அதை நம்பி உக்காந்துடாம கடிகாரத்தைப் பாருங்க. நடந்தா, படுத்தா, குளிச்சா அடங்குதுன்னா பொய் வலி. என்ன பண்ணினாலும் இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வந்து பலம் கூடிக்கிட்டே போகுதுன்னா நிஜம். தலைப்பிரசவத்துக்கு பொதுவா 5 நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொண்ணும் 1 நிமிஷம், இப்படி 1 மணி நேரம் விடாம வந்தா கிளம்பணும்னு சொல்வாங்க. நாம இருக்கறது பெங்களூரு. சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டணும்னா, மழை வேற பெஞ்சுதுன்னா, நீங்களே ஒரு கணக்கு போட்டு முன்னாடியே கிளம்புங்க, ரெண்டாவது குழந்தைன்னா இன்னும் சீக்கிரம். வண்டி கிடைக்கலன்னா 108.

வலி எண்ணிக்கிட்டு உக்காரவே கூடாத நேரமும் இருக்கு: பனிக்குடம் உடைஞ்சா (தண்ணி பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா ரொம்ப அவசரம்), ரத்தம் போனா, குழந்தை அசைவு குறைஞ்சா, வயிறு விட்டு விட்டு வலிக்காம கல்லு மாதிரி ஒரே இறுக்கமா இருந்தா, தலைவலியோட கண்ணு மங்கினா, காய்ச்சல் அடிச்சா. உடனே கிளம்புங்க.

நல்ல வலி பிடிக்க பல மணி நேரம் ஆகலாம். இந்த நேரம் வீட்டுல இருக்கறதே நல்ல மருந்து. வெந்நீர்ல நிதானமா இடுப்புல ஊத்தி குளிங்க, இட்லியோ கஞ்சியோ லேசா சாப்பிடுங்க, நடுவுல தூக்கம் வந்தா தூங்குங்க. பாட்டிங்க குடுக்கற விளக்கெண்ணெய் மட்டும் வேணாம், வயித்தால போய் உடம்புல இருக்கற தெம்பும் போயிடும்.

மருந்து இல்லாம என்ன பண்ணலாம்

இதுல எனக்கு பெரிய நம்பிக்கை இல்லாமதான் இருந்துச்சு, ரெண்டாவது தடவை எபிடியூரல் போடறதுக்கு முன்னாடி ஆறு மணி நேரம் இதை வச்சுத்தான் ஓட்டினேன்.

படுக்காதீங்க, அதான் முதல் விஷயம். நிக்கறது, நடக்கறது, பந்து மேல உக்காந்து ஆடறது, சுவத்துல கை ஊனி இடுப்பை சுத்தறது, எது வருதோ பண்ணுங்க. கர்ப்பப்பை வாய் திறக்கற முதல் கட்டத்துல நிமிர்ந்து இருந்தவங்களுக்கு படுத்தே இருந்தவங்களை விட அந்தக் கட்டம் சராசரியா 1 மணி 20 நிமிஷம் போல குறைஞ்சிருக்குன்னு ஆராய்ச்சில பார்த்திருக்காங்க. வலி முழுக்க முதுகுலயே நின்னுச்சுன்னா குழந்தை முகம் மேல்பக்கமா திரும்பியிருக்கலாம், அப்போ நாலு கால்ல மண்டி போட்டு இருந்தா கொஞ்சம் இதமா இருக்கும்.

வீட்டுக்காரருக்கு வேலை குடுங்க. வலி வரும்போது இடுப்புக்குக் கீழ, முதுகெலும்பு முடியற அந்த தட்டை எலும்பு மேல உள்ளங்கை அடிப்பாகத்தை வச்சு நல்லா அழுத்தணும், தடவறது இல்ல, அழுத்தறது, வலி போற வரைக்கும் விடாம. எங்க வீட்டுக்காரர் முதல்ல பூவைத் தொடற மாதிரி தொட்டாரு, "சப்பாத்தி மாவுன்னு நினைச்சுக்கோங்க"ன்னு கத்தினேன், அப்புறம் சரியா வந்துச்சு. வெந்நீர் பை வச்சுக்கலாம், துண்டுல சுத்தி. ஆனா எபிடியூரல் போட்டப்புறம் மரத்துப்போன இடத்துல வெந்நீர் பை வைக்கவே கூடாது, சுட்டாலும் தெரியாது.

மூச்சு விஷயத்துல பெரிய வித்தை எதுவும் இல்ல. மூக்கால 4 எண்ணி இழுத்து வாயால 6 எண்ணி விடுங்க, விடறதுதான் நீளமா இருக்கணும். வேக வேகமா மூச்சு வாங்கினா விரல் எல்லாம் மதமதன்னு ஆகி தலை சுத்தும். பல்லைக் கடிக்காதீங்க, தோளை இறக்குங்க. கத்தணும்னா அடித்தொண்டைல "ஆ"ன்னு கத்துங்க, கீச்சுன்னு கத்தினா உடம்பு பூரா இறுகுது, நான் பண்ணிப் பார்த்தேன்.

இது எல்லாத்தையும் விட கூடவே ஒருத்தர் விட்டுப்போகாம இருக்கறது பெரிசு. அப்படி துணை இருக்கறவங்களுக்கு வலி மருந்து தேவையும் சிசேரியனும் குறையுதுன்னு நல்லா நிரூபிச்சிருக்காங்க. சேலத்துல என்னை தனியா விட்டாங்க. அந்த ராத்திரில வலியை விட தனிமைதான் இன்னும் ஞாபகம் இருக்கு.

கேஸும் இடுப்பு ஊசியும்

என்டோனாக்ஸ்ங்கறது பாதி நைட்ரஸ் ஆக்சைடு பாதி ஆக்சிஜன். மாஸ்க்கை நீங்களேதான் பிடிச்சுக்கணும், அடுத்தவங்க பிடிக்கக் கூடாது, ஏன்னா மயக்கம் கூடினா கை தானா கீழ விழுந்து கேஸ் நின்னுடணும், அதான் அதோட பூட்டு. வேலை செய்ய அரை நிமிஷம் போல ஆகும், அதனால வலி உச்சத்துக்குப் போனப்புறம் இழுத்தா பிரயோஜனம் இல்ல, வலி எட்டிப் பார்க்கும்போதே இழுக்க ஆரம்பிக்கணும். வலியை சுத்தமா எடுக்காது, வலி தூரத்துல யாருக்கோ வர்ற மாதிரி இருக்கும். குமட்டலாம், தலை கிறுகிறுக்கலாம், வேணாம்னா கழட்டி வச்சா சில நிமிஷத்துல உடம்பை விட்டுப் போயிடும். நைட்ரஸ் ஆக்சைடு பி12 வேலையைக் கெடுக்கும், அதான் பி12 ரொம்ப கம்மியா இருக்கறவங்க முன்கூட்டியே சொல்லணும்னேன், சுத்த சைவம் சாப்பிடறவங்க டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

இடுப்புல போடற டிராமடால், பெத்திடின் மாதிரி ஊசி நிறைய இடத்துல கிடைக்கும். வலி கொஞ்சம் மட்டுப்படும், தூக்கக் கலக்கமா இருக்கும், வாந்தி வரும், அதனால வாந்தி ஊசியும் சேர்த்துப் போடச் சொல்லலாம். இது குழந்தைக்கும் போகும், பிரசவத்துக்கு ரொம்ப கிட்டத்துல போட்டா குழந்தை மந்தமா பொறக்கலாம், மூச்சுக்கு கொஞ்சம் உதவி தேவைப்படலாம். அதனால "இன்னும் எத்தனை மணி நேரம் ஆகும்னு பார்த்துட்டு போடுங்க"ன்னு கேக்கறதுல தப்பே இல்ல.

எபிடியூரல், ஒவ்வொரு கட்டமா

எப்போ கேக்கலாம்? வலி நல்லா பிடிச்சு நீங்க கேக்கற நேரம்தான் நேரம். கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்தாதான் போடணும்னு கட்டாயம் இல்ல, இருந்தாலும் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பழக்கம் இருக்கு, அதைத்தான் முன்னாடியே கேளுங்கன்னேன். கேட்ட உடனே வந்துடாது, டாக்டர் வரணும், கையெழுத்து ஆகணும், கையில ஊசி லைன் போடணும், அதனால தாங்கவே முடியாத இடத்துக்குப் போறதுக்கு கொஞ்சம் முன்னாடியே வாய் திறங்க.

உக்கார வச்சு தலையணையைக் கட்டிப் பிடிச்சு முதுகை இறால் மாதிரி வளைக்கச் சொல்வாங்க, சில பேருக்கு ஒருக்களிச்சு படுக்க வச்சும் போடுவாங்க. முதுகுல ஜில்லுன்னு மருந்து தடவுவாங்க, அப்புறம் மரத்துப்போக ஒரு ஊசி, சுருக்குன்னு இருக்கும், அதான் வலிக்கிற ஊசி. அதுக்கப்புறம் பெரிய ஊசி போகும்போது அழுத்தம்தான் தெரியும். நடுவுல வலி வந்தா "டாக்டர், வலி வருது"ன்னு சொல்லுங்க, நிறுத்திட்டு காத்திருப்பாங்க, நீங்களா அசையக் கூடாது. அந்த ஊசி உள்ளயே இருக்கும்னு நினைக்கிறவங்க நிறைய பேர், இல்ல, நூல் மாதிரி மெல்லிசான ஒரு ட்யூபை விட்டுட்டு ஊசியை எடுத்துடுவாங்க, ட்யூபை முதுகோட ஒட்டிடுவாங்க, அதுல சொட்டு மருந்து போய்க்கிட்டே இருக்கும். ஒரு 15, 20 நிமிஷத்துல வலி இறங்கும். எனக்கு மூணாவது வலியில பாதி, அஞ்சாவது வலியில "இப்ப வலி வருதா?"ன்னு மானிட்டரைப் பார்த்து கேக்கற நிலைமை.

பிரஷர் இறங்கலாம், அதனால ஆரம்பத்துல சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரஷர் பார்ப்பாங்க, தலை சுத்தினா குமட்டினா உடனே சொல்லுங்க. நடுக்கம் வரும், அரிப்பு வரும், சில பேருக்கு காய்ச்சல் மாதிரி சூடு ஏறும், கால் கனக்கும், யூரின் வர்றது தெரியாததால ட்யூப் வைப்பாங்க. ஒரு பக்கம் மட்டும் மரத்து இன்னொரு பக்கம் வலிச்சா பொறுத்துக்காதீங்க, ட்யூபை லேசா இழுத்தோ உங்களை திருப்பிப் படுக்க வச்சோ சரி பண்ணுவாங்க, கேட்டாதானே தெரியும். நூத்துல ஒருத்தருக்கு போல அப்புறமா தலைவலி வரலாம், உக்காந்தா கூடும் படுத்தா குறையும், அதுதான் அடையாளம். வீட்டுக்கு வந்தப்புறம் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க, அதுக்கு வைத்தியம் இருக்கு. அவசரமா சிசேரியன்னு ஆனா அதே ட்யூப்ல பலமான மருந்து குடுத்து பண்ணிடலாம், புதுசா ஊசி தேட வேண்டியதில்ல.

முக்கற நேரம், அதுக்கு அப்புறம்

எபிடியூரல் இருந்தாலும் கீழ அழுத்தம் தெரியும், தெரியணும். முழுசா திறந்த உடனே முக்கச் சொல்லி அவசரப்படுத்தினா "அழுத்தம் வரட்டும் சிஸ்டர்"னு சொல்லலாம், குழந்தை துடிப்பு நல்லா இருந்தா கொஞ்சம் காத்திருக்கலாம். வெந்நீர்ல நனைச்ச துணியை கீழ வச்சு பிடிச்சா எரிச்சல் குறையும், பெரிய கிழிசலும் குறையுது, இதையும் கேட்டு வைங்க. மேல இருந்து வயித்தை அழுத்தி குழந்தையைத் தள்றது இன்னும் சில இடத்துல நடக்குது, உலக சுகாதார நிறுவனமே வேணாம்னு சொல்ற விஷயம் அது, கூட இருக்கற ஆள் வாயைத் திறந்து கேக்கணும்.

குழந்தையைக் கையில குடுத்துட்டாங்கன்னா வலி முடிஞ்சுடுச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க. தையல் இருக்கே! எனக்கு சேலத்துல தையல் போடும்போது மரத்துப்போகவே இல்ல, "குழந்தையே பெத்துட்ட, இதுக்குப் போய் கத்தறியே"ன்னாங்க. அப்படி இல்ல, தையலுக்கு லிக்னோகேயின் ஊசி போட்டு, அது பிடிக்கறதுக்கு சில நிமிஷம் காத்திருந்துதான் போடணும். முதல் குத்துல சுருக்குன்னு தெரிஞ்சா காலை நகர்த்தாம "இன்னும் மரத்துப்போகல, இன்னொரு ஊசி போடுங்க"ன்னு சொல்லுங்க. எபிடியூரல் ட்யூப் இருந்தா அதை எடுக்கறதுக்கு முன்னாடியே தையலை முடிச்சுடச் சொல்லுங்க.

அப்புறம் பால் குடுக்கும்போது வயிறு சுருட்டிப் பிடிக்கும், கர்ப்பப்பை சுருங்குற வலி, ரெண்டாவது மூணாவது குழந்தைக்கு இன்னும் ஜாஸ்தியா இருக்கும், யாரும் சொல்லாததால நான் என்னவோ ஏதோன்னு அழுதுட்டேன். பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் ரெண்டுமே பொதுவா பால் குடுக்கறவங்க சாப்பிடலாம், அல்சர், கிட்னி பிரச்சனை, ஆஸ்துமா இருந்தா மட்டும் ஐபுபுரூஃபனுக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க. வலி வந்தப்புறம் தேடாம, ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர் கிட்ட நேரம் போட்டு எழுதி வாங்கிக்கோங்க, பால் குடுக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட்டுக்கிட்டா சரியா இருக்கும்.